திருமால்பூர் ரயிலில் போகிறவர்களின் கணக்கு

தாம்பரம் ரயில் நிலைய யார்டைத் திருத்தி அமைக்கும் வேலை 2024ஆம் ஆண்டு ஜூலை 23 அன்று தொடங்கி ஆகஸ்ட் 18 வரை நீண்டது. தண்டவாளங்களின் அமைப்பை மாற்றினார்கள், சிக்னல் முறையைப் புதிதாக்கினார்கள். முதலில் ஆகஸ்ட் 14க்குள் முடியும் என்றார்கள், பிறகு நான்கு நாள் கூடியது. பல்லாவரத்துக்கும் கூடுவாஞ்சேரிக்கும் இடையே மின்சார ரயில்கள் பகலிலும் இரவிலும் பல மணி நேரம் ஓடவில்லை. நாளேடுகளில் அறிவிப்புகள் வந்தன, மாற்று நேர அட்டவணைகள் வந்தன. அந்த இருபத்தேழு நாளும் வாலாஜாபாத்திலிருந்தும் பாலூரிலிருந்தும் விடியற்காலையில் கிளம்பி வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் துப்புரவு வேலைக்கும் போகிறவர்கள் என்ன ஆனார்கள் என்பதை யாரும் எழுதவில்லை.

தாம்பரம் 2019 நவம்பர் வரை நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. மாவட்டம் பிரிந்தாலும் தண்டவாளம் பிரியவில்லை. கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு வழியாகக் காஞ்சிபுரம் தாண்டித் திருமால்பூர் வரை போகிற ரயில் தாம்பரம் யார்டைக் கடந்துதான் ஆக வேண்டும். தாம்பரத்தில் ஒரு பாயின்ட் மாற்றப்பட்டால் நத்தப்பேட்டையில் ஒருவருக்கு அன்றைய கூலி போகும். ஆகவே இது அடுத்த மாவட்டத்துச் சங்கதி அல்ல.

வேலை தேவையே இல்லை என்று சொல்ல வரவில்லை. அந்த வேலை என்னவென்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். தெரிந்துகொண்டு கேட்கிற கேள்விக்குத்தான் பதில் வரும்.

ஒரு ரயில் ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு மாறும் இடத்தில் நகரும் தண்டவாள நாக்கு இருக்கும். அதைத்தான் ஊழியர்கள் பாயின்ட் என்கிறார்கள். பாயின்ட் சரியான பக்கம் திரும்பிப் பூட்டிக்கொண்ட பிறகுதான் அந்தத் தடத்துக்குப் பச்சை விளக்கு எரிய வேண்டும். எதிரே வேறு ரயிலுக்கு வழி விடப்பட்டிருந்தால் எரியக் கூடாது. இன்டர்லாக்கிங் செய்த லெவல் கிராசிங் கேட் திறந்திருந்தாலும் எரியக் கூடாது. பாயின்ட்டையும் சிக்னலையும் கேட்டையும் இப்படி ஒன்றோடொன்று பிணைத்து வைப்பதுதான் இன்டர்லாக்கிங். அந்தக் காலத்தில் இரும்புக் கம்பியும் நெம்புகோலும் கொண்டு இதைச் செய்தார்கள். பிறகு மின் ரிலேக்கள் வந்தன. இப்போது கணினி அந்த வேலையைச் செய்கிறது.

பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டும் நாட்களில் இந்தப் பூட்டு கிடையாது. ஒவ்வொரு பாயின்ட்டின் வயரையும் பிரித்து, புதிய இடத்தில் இணைத்து, ஒவ்வொரு வழியையும் சோதித்துப் பார்க்க வேண்டும். அந்த நாட்களில் ஆள் நின்று பாயின்ட்டைக் கையால் பூட்டி, கொடி காட்டி ரயிலை விடுகிறார்கள். தாம்பரம் போன்ற நெரிசல் மிகுந்த இடத்தில் வழக்கமான எண்ணிக்கையில் ரயில் விட்டுக்கொண்டே இதைச் செய்ய முடியாது. ரத்து செய்ததில் நியாயம் இருக்கிறது.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒடிசாவின் பாலாசோர் சாட்சி. 2023 ஜூன் 2 மாலை, சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் பாஹாநாகா பஜார் நிலையத்தில் மெயின் லைனில் போக வேண்டியது, லூப் லைனுக்குள் புகுந்து அங்கே நின்ற சரக்கு ரயிலில் மோதியது. 290க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை, சிக்னல் சர்க்யூட்டில் முன்பு செய்த மாற்றத்திலும், அருகிலிருந்த லெவல் கிராசிங்கின் தடுப்பை மாற்றும் வேலையிலும் நடந்த தவறுகளைச் சுட்டியது. அங்கே சிக்னல் பச்சை என்றது, பாயின்ட் வேறு பக்கம் திரும்பியிருந்தது. மேம்படுத்தும் வேலையே கவனக்குறைவாக நடந்தால் ஆளைக் கொல்லும் என்பது அன்று தெரிந்தது.

இன்னொன்றும் தெரிந்தது. முன்பதிவுப் பெட்டிகளில் வந்தவர்களின் பெயர், வயது, தொலைபேசி எண் ரயில்வேயிடம் இருந்தது. முன்பதிவில்லாப் பெட்டியில் நெருக்கியடித்து வந்தவர்களுக்குப் பட்டியலே கிடையாது. பெரும்பாலோர் தெற்கே கூலி வேலை தேடி வந்தவர்கள். யாரும் உரிமை கோராத 28 உடல்களை நான்கு மாதம் காத்திருந்து, அக்டோபரில் புவனேசுவரத்தில் எரியூட்டினார்கள். தமிழ்நாட்டுக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்த ரயில் அது.

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம். தாம்பரம் வேலை நடந்த நாட்களில் மாநகரப் போக்குவரத்துக் கழகம் கூடுதல் பேருந்துகளை விட்டது, அது உண்மை. ஆனால் அந்தப் பேருந்துகள் தாம்பரத்தைச் சுற்றி ஓடின. வாலாஜாபாத்திலிருந்து வரும் ஒரு பெண்ணின் நிலையை எண்ணிப் பாருங்கள். பெண்களுக்குக் கட்டணமில்லா விடியல் பயணம் சாதாரண நகரப் பேருந்துக்குத்தான் பொருந்தும், வெளியூர்ப் பேருந்துக்குப் பொருந்தாது. ரயில் சீசன் டிக்கெட்டில் மாதம் முழுவதும் போய்வந்தவர் ரயில் இல்லாத நாளில் இரண்டு பேருந்து மாறி, கையிலிருந்து காசு கொடுத்து, தாமதமாகப் போய்ச் சேர வேண்டும். வீட்டு வேலை செய்யுமிடத்தில் “ரயில் ரத்து” என்று சொன்னால் அரை நாள் சம்பளம் தருவார்களா? அலுவலகத்தில் இருப்பவருக்கு அது தாமதம் மட்டுமே, தினக்கூலிக்காரருக்கு அன்றைய உலை.

அதே நாட்களில் தாம்பரத்திலிருந்து நாகர்கோவில் போகும் அந்தியோதயா எக்ஸ்பிரசும் ரத்தானது. அந்த ரயிலில் முன்பதிவுப் பெட்டியே கிடையாது. கையில் இருக்கும் காசுக்கு டிக்கெட் வாங்கி ஏறிக்கொள்கிறவர்களின் வண்டி அது. ரத்துப் பட்டியல் தயாரிக்கிறவர் சாதி பார்த்துத் தயாரிக்கவில்லை என்று சொல்வார்கள். ஒப்புக்கொள்கிறேன். எந்த ரயில் நின்றால் கேட்க ஆள் இல்லையோ அது முதலில் நிற்கும், அவ்வளவுதான். யாருக்குக் கேட்க ஆள் இல்லை என்பதை நம் நாட்டில் சாதிதான் முடிவு செய்கிறது.

திருமால்பூர் ரயில் என்றாலே எனக்கு நினைவுக்கு வருவது 2018 ஜூலை 24. அன்று காலை கோடம்பாக்கம் பக்கம் மேலே போகும் மின்கம்பியில் பழுது. வழக்கமான புறநகர்த் தடத்தில் ரயில்கள் தடைபட்டன. கடற்கரையிலிருந்து வந்த திருமால்பூர் ரயிலை விரைவு ரயில் தடத்தில் திருப்பிவிட்டார்கள். வண்டிகள் நின்றுபோனதால் கூட்டம் பிதுங்கியது, படிக்கட்டிலும் ஆட்கள் தொங்கினார்கள். பரங்கிமலை நிலையத்தில் விரைவுத் தடத்தை ஒட்டி ஒரு தடுப்புச் சுவர் இருந்தது. தொங்கியவர்கள் அதில் மோதி விழுந்தார்கள். ஐந்து பேர் செத்தார்கள், பலர் காயம்பட்டார்கள். படியில் தொங்கியது குற்றம் என்று அன்று பலரும் பேசினார்கள். வேறு ரயில் எப்போது வரும் என்று தெரியாத காலை நேரத்தில், எட்டு மணிக்கு வேலையில் நிற்க வேண்டியவன் உள்ளே இடமில்லை என்று தெரிந்தும் ஏன் ஏறுகிறான் என்று பேசியவர்கள் குறைவு. ஒரு தடத்தில் பழுது வந்தால் இன்னொரு தடத்தில் திருப்பிவிட ஏற்பாடு இருக்கிறது. திருப்பிவிட்ட தடத்தில் என்ன சுவர் நிற்கிறது என்று பார்க்கும் ஏற்பாடு இல்லாமல் போனது.

தாம்பரம் வரை தடம் பல உண்டு. செங்கல்பட்டில் பிரிந்து மேற்கே திரும்பினால் ஒற்றைத் தடம். அரக்கோணத்துக்கும் காஞ்சிபுரத்துக்கும் இடையே ரயில் வந்தது 1865இல். தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது 1856இல் என்றால், ஒன்பதே ஆண்டில் நமக்கு வந்துவிட்டது. அவ்வளவு பழைய பாதையில் இன்றும் எதிர் ரயிலுக்கு வழிவிட நிலையத்தில் காத்துக் கிடக்க வேண்டும். வாலாஜாபாத்தில் ஒரகடம் பக்கத்து ஆலைகளின் கார்கள் சரக்கு ரயிலில் ஏறி வட இந்தியாவுக்குப் போகின்றன. கார் போகிற வண்டிக்கும் ஆள் போகிற வண்டிக்கும் இருப்பது ஒரே தடம். காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்கு நாளொன்றுக்குப் போகும் ரயில்களை விரல்விட்டு எண்ணலாம். கோயிலுக்கும் பட்டுக்கும் பேர்போன ஊர் என்று மேடையில் பேசுகிறவர்கள், பட்டுச் சேலை வாங்க வருகிறவர் காரில் வருகிறார் என்பதாலோ என்னவோ, ரயிலைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. செங்கல்பட்டு–அரக்கோணம் இரட்டைப் பாதை என்பது நம் மாவட்டத்தின் பழைய கோரிக்கை. தாம்பரம்–செங்கல்பட்டு இடையே நான்காவது பாதைக்கு ரயில்வே அமைச்சகம் ஒப்புதல் தந்திருக்கிறது. ஆகவே வரும் ஆண்டுகளில் தாம்பரத்தில் நடந்ததைப் போன்ற ரத்துகள் மீண்டும் வரும்.

எத்தனை நாள் என்று அவர்கள் சொல்லும் கணக்கையும் அப்படியே நம்ப முடியாது. சென்னைக் கடற்கரை–எழும்பூர் நான்காவது பாதைக்காகப் பறக்கும் ரயிலைக் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே 2023 ஆகஸ்ட் 27இல் நிறுத்தினார்கள். ஏழு மாதம் என்றார்கள். திரும்ப ஓடியது 2024 அக்டோபர் 29இல், பதினான்கு மாதம் கழித்து.

பாதை பெருகும்போது நம் ஊர்களில் முதலில் மறைவது கேட். ஆளில்லா லெவல் கிராசிங்குகளை அகலப் பாதைகளில் 2019 தொடக்கத்துக்குள் அகற்றிவிட்டார்கள். ஆளுள்ள கேட்டுகளையும் ஒவ்வொன்றாக மூடிச் சுரங்கப்பாதை போடுகிறார்கள். பாதுகாப்புக்கு அது நல்லதுதான். கடலூர் மாவட்டம் செம்மங்குப்பத்தில் 2025 ஜூலை 8 காலை பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் இறந்தார்களே, அந்தக் கேட் சிக்னலோடு பிணைக்கப்படாத கேட். கேட் திறந்திருந்தாலும் ரயிலுக்குப் பச்சை எரியும். கேட்கீப்பரின் தொலைபேசிப் பேச்சை மட்டும் நம்பி நின்ற ஏற்பாடு அது. விபத்துக்குப் பிறகு, எவ்வளவு போக்குவரத்து இருந்தால் கேட்டை இன்டர்லாக்கிங் செய்ய வேண்டும் என்ற வரம்பை ரயில்வே பாதியாகக் குறைத்தது. செலவு செய்ய முடியும் என்பது மூன்று பிள்ளைகள் போன பிறகு தெரிந்தது.

ஆனால் கேட்டை மூடி சுரங்கப்பாதை போடும்போது அது எங்கே வருகிறது என்று பாருங்கள். தண்டவாளத்தின் ஒரு பக்கம் ஊர், மறுபக்கம் காலனி என்று அமைந்த கிராமங்கள் இந்தப் பாதை நெடுகிலும் உண்டு. காலனிக்கு ஒரு பக்கமும் சுடுகாட்டுக்கு மறுபக்கமும் என்று அமைந்ததும் உண்டு. கேட் இருந்தவரை பிணத்தைத் தூக்கிக்கொண்டு கடந்தார்கள். கேட் மூடிய பிறகு சுரங்கப்பாதை சாலைக்கு வசதியான இடத்தில், அதாவது ஊருக்கு வசதியான இடத்தில், அரைக் கிலோமீட்டர் தள்ளி வரும். ஐப்பசி, கார்த்திகையில் அதில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். தண்ணீர் இறைக்கும் மோட்டார் பொறுப்பு யாருடையது என்று ரயில்வேயும் உள்ளாட்சியும் ஒருவரை ஒருவர் காட்டும். பிள்ளைகள் புத்தகப் பையோடு தண்டவாளத்தில் ஏறிக் கடப்பார்கள். கடந்தால் அத்துமீறல் வழக்கு, அடிபட்டால் “தண்டவாளத்தைக் கடந்தபோது” என்று நாலு வரிச் செய்தி. ஊரப்பாக்கம் அருகே 2023 அக்டோபர் 24 அன்று ரயில் மோதி மூன்று சிறுவர்கள் இறந்தார்கள். பிழைக்க வந்த கர்நாடகக் குடும்பத்துப் பிள்ளைகள், காது கேளாத, வாய் பேச முடியாத பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். ரயில் ஒலி எழுப்பிக் கடந்துபோகும் என்று நம்பி அமைத்த பாதையில் ஒலி கேளாத பிள்ளைக்கு என்ன ஏற்பாடு?

சுரங்கப்பாதைக்கு இடம் குறிக்கும்போதே கிராம சபையில் காலனி மக்களின் கருத்தை எழுத்தில் வாங்க வேண்டும். ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. தீர்மானப் புத்தகத்தில் ஏறாத கோரிக்கையை எந்த அதிகாரியும் கண்டுகொள்ள மாட்டார்.

அடுத்தது நிலம். புதிய பாதை, நீளும் நடைமேடை, இரட்டைத் தடம் எல்லாவற்றுக்கும் நிலம் வேண்டும். செங்கல்பட்டு மாவட்டத்துக்கு இதில் ஒரு தனி வரலாறு உண்டு. அன்றைய ஆட்சியர் டிரெமென்கீர் இம்மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு எழுதிய அறிக்கையின் விளைவாகத்தான் 1892இல் பஞ்சமி நிலங்கள் ஒதுக்கப்பட்டன. அவை கைமாறிப் போனதைக் கேட்டுக் காரணையில் நடந்த போராட்டத்தை ஒட்டி 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். நூறாண்டுக்கு முன் நமக்கென்று எழுதிய நிலம் இன்று யார் பட்டாவில் இருக்கிறதோ அவருக்குத்தான் இழப்பீடு போகும். ஆகவே பாதைக்கு நில எடுப்பு அறிவிப்பு வெளியாகும்போது, அந்தச் சர்வே எண் பழைய அ-பதிவேட்டில் என்னவென்று இருந்தது எனப் பார்ப்பது முதல் வேலை. அறிவிப்பு வந்த பிறகு ஆட்சேபம் சொல்லக் கால வரம்பு உண்டு. 2013ஆம் ஆண்டின் நிலம் எடுப்புச் சட்டத்தில் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கென்று 41, 42ஆம் பிரிவுகள் இருக்கின்றன. ரயிலடியை ஒட்டிப் புறம்போக்கில் குடிசை போட்டு இரண்டு தலைமுறை ஆனவர்களுக்கு அந்தச் சட்டமும் எளிதில் கைகொடுக்காது. அவர்களுக்கு வீட்டுமனைப் பட்டாவை முன்கூட்டியே கேட்டு வாங்குவதுதான் வழி. புல்டோசர் வந்த பிறகு மனு கொடுத்துப் பயனில்லை.

கடைசியாக, தண்டவாளத்தில் வேலை செய்கிறவர்கள். சிக்னல் கணினிக்கு மாறியது. ஆனால் சுத்தியலும் ஸ்பேனரும் தோளில் சுமந்து, வெயிலில் கிலோமீட்டர் கணக்கில் நடந்து, ஒவ்வொரு கிளிப்பாகத் தட்டிப் பார்க்கும் கீமேனின் வேலை மாறவில்லை. அனில் ககோத்கர் தலைமையிலான பாதுகாப்பு ஆய்வுக் குழு 2012இல் தந்த அறிக்கையில், 2007க்கும் 2011க்கும் இடையே ஏறத்தாழ 1,600 ரயில்வே ஊழியர்கள் பணியில் உயிரிழந்ததைப் பதிவு செய்தது. பயணிகள் சாகும் விபத்துகளுக்குத் தலைப்புச் செய்தி உண்டு, இந்தச் சாவுகள் ஒவ்வொன்றாக நடப்பதால் செய்தி ஆவதில்லை. இரட்டைத் தடத்தில் வேலை செய்பவர் ஒரு ரயிலுக்கு ஒதுங்கி மறு தடத்தில் நிற்பார், அந்தத் தடத்தில் பின்னாலிருந்து இன்னொன்று வரும். ரயில் நெருங்குவதை முன்கூட்டியே அறிவிக்கும் ‘ரக்ஷக்’ கருவி வந்திருக்கிறது. கணினி சிக்னலுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமே இல்லை. தாம்பரம் முதல் அரக்கோணம் வரை எத்தனை பேர் கையில் அது இருக்கிறது என்று பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். மாணவர்கள் யாராவது கேளுங்கள்.

தடத்தில் விழுந்த மலத்தை மனிதர் அள்ளியதும் இதே தண்டவாளத்தில்தான். 2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம் ரயில்வேக்குக் காலக்கெடு வைத்து இதை ஒழிக்கச் சொன்னது. பெட்டிகளில் பயோ டாய்லெட் வந்தது பெரிய மாற்றம், மறுப்பதற்கில்லை. ஆனால் நிலையத் துப்புரவு ஒப்பந்தத்துக்குப் போய்விட்டது. யார்டில் கேபிள் புதைக்கக் குழி வெட்டுவதும் ஜல்லி அள்ளுவதும் ஒப்பந்தம். ஒப்பந்தக்காரர் அமர்த்தும் ஆளுக்கு இடஒதுக்கீடு கிடையாது. அண்ணல் அம்பேத்கர் வைசிராய் குழுவில் இருந்தபோது 1943இல் பெற்றுத் தந்த 8.33 விழுக்காட்டில் தொடங்கி இன்று 15 விழுக்காடாக நிற்கும் உரிமை, நிரந்தரப் பணியிடம் இருக்கும் வரைக்கும்தான். பிரிக்கப்படாத காஞ்சிபுரம் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்புப்படி ஏறத்தாழ நான்கில் ஒருவர் பட்டியல் சாதி. இந்த யார்டுகளில் குழி வெட்டுகிறவர்களில் நம்மவர் எத்தனை, சிக்னல் அறைக்குள் உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை என்று போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

உள்ளே போக வழி இருக்கிறது. 2025 ஜனவரியில் ரயில்வே தேர்வு வாரியம் கீழ்நிலைப் பணிகளுக்கு 32,438 இடங்களை அறிவித்தது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும், தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். சிக்னல் பிரிவின் முதல் நிலை டெக்னீஷியன் பணிக்கு இயற்பியல், மின்னணுவியல், கணினி அறிவியல் இவற்றில் பட்டமோ பொறியியல் பட்டயமோ வேண்டும். நம் கல்லூரிகளில் பி.எஸ்சி. இயற்பியல் படிக்கும் பிள்ளைகள் பலருக்கு இப்படி ஒரு பணி இருப்பதே தெரியாது. பட்டியல் சாதி மாணவர் கட்டும் 250 ரூபாயும் கணினித் தேர்வுக்குப் போய் எழுதினால், வங்கிக் கட்டணம் போக, திரும்ப வந்துவிடும். வெளியூர் மையம் என்றால் தேர்வுக்குப் போய்வர இலவச ரயில் பாஸ் உண்டு. விண்ணப்பிக்கும்போது சாதிச் சான்று மத்திய அரசுப் படிவத்தில் இருக்க வேண்டும். மாநிலப் படிவத்தோடு போய்ச் சான்று சரிபார்ப்பில் திரும்பி வந்தவர்கள் உண்டு. அந்தப் படிவத்தை அறிவிப்பு வருவதற்கு முன்பே வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.